அபினுக்குக் கணக்கு எழுதியவர்

மருந்தியலைப் பாடமாகக் கற்பவர்களுக்குச் சர் இராம்நாத் சோப்ராவை அறிமுகம் செய்து வைக்கவேண்டியதில்லை. இந்திய மருந்தியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். 1983ஆம் ஆண்டில் அவருடைய உருவம் பொறித்த முத்திரை ஒன்றை இந்தியத் தபால் திணைக்களம் வெளியிட்டது. ஆயினும் இலக்கியப் பக்கங்களை விரும்பிப் படிக்கும் நம்மவரிடையே அவர் பெயர் அதிகம் வழங்கவில்லை. புலவர்களுக்கும் அரசியற் பெரியார்களுக்கும் வரலாறு எழுதிப் பழகிய நாம், ஒரு நஞ்சின் போக்கை நெடுங்காலம் விடாது பின்தொடர்ந்த வைத்தியர் ஒருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது தகும்.

செங்கலடியிலே நெடுங்காலம் இரசாயனம் கற்பித்த எனக்கு அவரைப்பற்றி எழுத வேறொரு காரணமும் உண்டு. பதுளையிலிருந்து மலையிறங்கி வரும் பெருவீதி எங்கள் சந்தியிலே வந்துதான் மட்டக்களப்பு - திருகோணமலை வீதியோடு சேர்கிறது. வாவியோரத்து வயற்கிராமங்களைச் சேர்ந்தவர்களும், வந்தாறுமூலையிலுள்ள பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவர்களும், ஏறாவூருக்குச் சாமான் வாங்கப் போவோரும் கூடிப் பிரியும் இடம் அது. அண்மைக் காலமாக இங்கேயும் தூள் என்ற சொல்லைத் தாழ்ந்த குரலிலே பேசிக்கொள்கிறார்கள். பெற்றோர் சிலர் என்னைத் தேடிவந்து, அந்தப் பொருள் பிள்ளையின் மூளையை உண்மையில் என்ன செய்யும் என்று வினவினார்கள். ஒழுக்கத்தைப் பற்றிய சொற்பொழிவை அவர்கள் எதிர்பார்த்து வரவில்லை. வினாவுக்கு விடையை எதிர்பார்த்தே வந்தார்கள். அந்த விடையைத் தேடிப் புறப்பட்டபோதுதான் சோப்ராவின் பழைய கட்டுரைகள் என்னைப் பிடித்து நிறுத்தின.

அவர் பிறந்தது 1882ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17இல். ஊர், இன்று பாகிஸ்தானில் இருக்கும் குஜரன்வாலா. லாகூரிலே கல்லூரிப் படிப்பை முடித்து, 1903இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். அக்காலத்தில் அங்கே மருந்தியலைக் கற்பித்தவர் வால்டர் டிக்சன் என்பவர். மருந்து என்பது நம்பிக்கையினால் கொடுக்கப்படும் பொருளன்று, உடலின் எந்த உறுப்பில் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தறிய வேண்டிய பொருள் என்னும் எண்ணம் சோப்ராவின் உள்ளத்தில் வேரூன்றியது அவரிடத்திலேதான். 1908இல் இந்திய மருத்துவ சேவையிலே சேர்ந்தார். முதலாம் உலகப் போரிலே கிழக்கு ஆபிரிக்காவில் படைவைத்தியராகப் பணியாற்றினார். போருக்குப் பின், 1921இல், கல்கத்தாவிலே புதிதாக எழுந்த வெப்பமண்டல நோய்க் கல்விக்கூடத்தில் மருந்தியற் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. இருபதாண்டுகள் அங்கே கழிந்தன. அவருடைய வாழ்வின் சாரம் அந்த இருபதாண்டுகளில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்து இந்தியாவில் அபின் எவ்விதம் வழங்கியது என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலே அபின். அதைப் பயிரிட உரிமம் கொடுத்ததும் அரசாங்கம். பாட்னாவிலும் காசிப்பூரிலும் தொழிற்சாலை நிறுவிக் கட்டிகளாக்கியதும் அரசாங்கம். உரிமம் பெற்ற கடைகளின் வழியே விற்று வருமானம் பெற்றதும் அரசாங்கமே. சீனாவுக்கு ஏற்றுமதி செய்ததனால் எழுந்த போர்களை வரலாற்று மாணவர் அறிவர். 1893இல் நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழு இரண்டாண்டு விசாரித்து, அளவோடு உண்ணும் அபின் இந்தியருக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை என்ற கருத்தோடு முடித்துவிட்டது. வருமானம் தரும் பொருளைப் பற்றி வருமானம் பெறுபவரே விசாரித்தால் முடிவு வேறு எப்படி இருக்கும் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். 1925இல் ஜெனீவாவிலே சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்ட பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. உலகுக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இந்திய அரசாங்கத்துக்கு நேர்ந்தது. சோப்ராவின் ஆராய்ச்சி வெளிவரத் தொடங்கியது அந்த வேளையிலேதான். அவரும் அதே அரசாங்கத்தின் சம்பளம் பெற்ற உத்தியோகத்தர் என்பதை நாம் மறக்கலாகாது.

அவர் கையாண்ட முறை எளிமையானது. ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் மக்களுக்கு 6 கிலோகிராம் அபின் வைத்தியத் தேவைக்குப் போதும் என்று சர்வதேச சங்கம் ஓர் அளவுகோலை வகுத்திருந்தது. மாவட்டந்தோறும் விற்பனைக் கணக்கை எடுத்து அந்த அளவுகோலோடு ஒப்பிட்டால், எங்கே நோய்க்காக உண்கிறார்கள், எங்கே பழக்கத்துக்காக உண்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அசாமும் கல்கத்தாவும், ஒரிசாவின் பாலசோரும், பஞ்சாபின் பெரோஸ்பூரும் அளவை மிஞ்சி நின்றன. கணக்கோடு அவர் நின்றுவிடவில்லை. உண்பவர்களை நேரிலே கண்டு, எந்த வயதில் தொடங்கினாய், எதற்காகத் தொடங்கினாய், இன்று எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று பொறுமையோடு கேட்டு எழுதினார். விடைகள் பெரும்பாலும் ஒரே வட்டத்தில் சுழன்றன. மூட்டு வலி, வயிற்றோட்டம், இருமல், உடல் அலுப்பு, தோழர் வற்புறுத்தல், ஆண்மை பெருகும் என்ற நம்பிக்கை. இன்பத்தைத் தேடிப் போனவர்களைக் காட்டிலும் வலிக்கு மருந்தில்லாமல் போனவர்களே தொகையாக இருந்தார்கள். வைத்தியர் இல்லாத கிராமத்திலே அபின்கடைக்காரனே வைத்தியனாக இருந்தான்.

இவ்விடத்தில் அவருடைய நேர்மையை நான் வியக்கிறேன். சிறிதளவு உண்டு வயல்வேலை செய்து முதுமைவரை வாழ்ந்தவர்களையும் அவர் கண்டார். கண்டதை மறைக்காமல் எழுதினார். மலச்சிக்கல், பசிக்குறைவு ஆகியவற்றுக்கு அப்பால் அவர்களிடம் வெளிப்படையான கேடு தெரியவில்லை என்பதையும் பதிந்தார். அளவு கூடியவரிடம் சோம்பலும் மறதியும் பொறுப்பின்மையும் மிகுவதையும் அதே பேனாவால் எழுதினார். மதுவிலக்குக் காரரும் அபின் வியாபாரியும் இருவேறு பக்கங்களில் நின்று அவரைத் தத்தமக்குச் சாதகமாகக் காட்ட முயன்றிருக்கலாம். அவருடைய ஏடுகளோ இருவருக்கும் முழுமையாக உதவமாட்டா.

அபின் மலேரியாவைத் தடுக்கும் என்று கோதாவரிக் கரை மலைவாசிகள் முதல் அசாம் வரை பலர் நம்பினார்கள். படுவான்கரையிலே காய்ச்சலோடு வாழ்ந்த முன்னோரை உடைய எங்களுக்கு இந்த நம்பிக்கையின் வேர் எங்கிருக்கும் என்பது விளங்கும். நடுக்கத்துக்கு ஏதாவது வேண்டும். கையில் இருப்பது இது. இந்த நம்பிக்கைக்குப் படித்தவர்களும் சான்று கூறினர். ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்த வைத்தியர்களிற் சிலரும் அவ்வாறே சொல்லியிருந்தார்கள். சோப்ரா தம்மோடு பணியாற்றிய நோல்ஸ் என்பவருடன் சேர்ந்து நோயாளரிடம் இதைச் சோதித்தார். அபினோ, அதிலுள்ள நார்க்கொட்டீன் என்னும் சத்தோ மலேரியாக் கிருமியை ஒன்றும் செய்யவில்லை. 1930இல் அம்முடிவு அச்சாயிற்று.

ஆனால் அவருடைய எழுத்திலே என்னை மிகவும் வருத்திய பகுதி குழந்தைகளைப் பற்றியது. ஆலைகளிலே வேலை செய்த தாய்மார், காலையில் வீட்டைவிட்டுப் புறப்படுமுன் கைக்குழந்தைக்கு அபின் கலந்த சிறு உருண்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பம்பாயில் அதற்குப் பாலகோலி என்று பெயர். குழந்தை அழாது, பசியும் அறியாது, மாலைவரை உறங்கும். மேற்கிந்தியாவின் நகரங்களிலும் கிராமங்களிலும் இது பரவியிருந்தது. தாயைக் கொடியவள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, வேலைக்குப் போகாவிட்டால் கூலியில்லை. எங்கள் வீடுகளிலே வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுப்பது போன்ற ஒரு வழக்கமாகவே அவள் அதை எண்ணியிருப்பாள். வசம்புக்குப் பிள்ளைவளர்ப்பான் என்று நம் முன்னோர் பெயரிட்டதை நினைக்கும்போது, அந்தப் பாலகோலிக்கு எதிர்ப்பெயர் ஒன்று வைக்கலாம் போலத் தோன்றுகிறது. அத்தகைய குழந்தைகள் மெலிந்து, வளர்ச்சி குன்றி, மந்தமாக இருப்பதை வைத்தியர்கள் கண்டார்கள். அளவு சற்றே தவறினால் குழந்தை உறக்கத்திலிருந்து எழுவதே இல்லை. சோப்ராவும், பின்னாளில் அவரோடு சேர்ந்து எழுதிய மைந்தர் ஈஸ்வர் சந்தர் சோப்ராவும், வைத்தியம் போலத் தோன்றும் இந்த அபின் வழக்கத்தைத் தனியே எடுத்து ஆராய்ந்து, ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் வெளியீட்டிலே 1955இல் எழுதினார்கள்.

அக்குழந்தையின் தலைக்குள் நிகழ்ந்தது என்ன என்பதை இன்றைய அறிவு சற்று விரிவாகவே சொல்கிறது. அபினிலுள்ள மோர்பின் மூளைத்தண்டிலே மூச்சை ஆளும் இடத்தை மந்தப்படுத்துகிறது. இரத்தத்தில் கரியமிலவாயு ஏறினாலும் மூச்சை விரைவுபடுத்தும் கட்டளை பிறப்பதில்லை. உடலின் எடையில் நூற்றுக்கு 2 பங்கே உள்ள மூளை, உடல் செலவிடும் ஒட்சிசனில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கைத் தான் எடுத்துக்கொள்கிறது. ஒட்சிசன் முற்றாக நின்றால் நாலைந்து நிமிடங்களில் நரம்புக் கலங்கள் கேடுறத் தொடங்கும். நினைவுக்கு ஆதாரமான பகுதியிலுள்ள கலங்கள் இதிலே மிகவும் மென்மையானவை. இன்னொரு புதுமையும் உண்டு. மூச்சு மீண்டு ஒட்சிசன் திரும்பி வரும் வேளையிலும் கேடு நிகழ்கிறது. பட்டினி கிடந்த கலத்துக்குள் ஒட்சிசன் திடீரெனப் பாயும்போது, கட்டுக்கடங்காத துணிக்கைகள் தோன்றி, கலத்தின் கொழுப்புச் சுவரையும் புரதங்களையும் அரிக்கின்றன. இதையே ஒட்சியேற்ற நெருக்கடி என்கிறோம். வாவிக்காற்றிலே ஈருருளிச் சங்கிலி துருப்பிடிப்பதும், அரிந்து வைத்த வாழைக்காய் கறுப்பதும் ஒட்சியேற்றமே என்று வகுப்பிலே சொல்லியிருக்கிறேன். மூளையிலே அது நிகழும்போது தேய்த்துத் துடைக்க வழியில்லை.

மூச்சு நிற்காவிட்டாலும் நீண்டநாட் பழக்கம் கலங்களுக்குத் தீங்கு செய்யுமா என்பதே அடுத்த வினா. வியப்பு என்னவென்றால், சோப்ராவின் காலத்திலேயே அந்த வினா எழுந்துவிட்டது. 1930களின் தொடக்கத்திலே பீக்கிங் நகர மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மா என்னும் ஆய்வாளர், மோர்பின் ஊட்டிய வெள்ளெலிகளின் கலங்களை நுணுக்குக்காட்டியிலே பார்த்து, அவற்றின் உட்கட்டமைப்பு மாறியிருப்பதாக எழுதினார். கலத்திலுள்ள கொழுப்புச் சத்துக் குலைவதாக எண்ணி, அதை ஈடுசெய்ய இலெசித்தின் என்ற பொருளை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். சோப்ராவும் கல்கத்தாவிலே இலெசித்தினையும் குளுக்கோசையும் சேர்த்துக் கொடுத்து, அபினை விடுவோர் படும் துன்பத்தைக் குறைக்க முயன்றார். இன்றைய வைத்தியத்தில் அந்த முறைக்கு இடமில்லை. எனினும் அபினுக்கு அடிமையானவனை ஒழுக்கங்கெட்டவன் என்று உலகம் ஒதுக்கிய காலத்தில், அவனுடைய கலத்துக்குள் ஏதோ பழுதுபட்டிருக்கிறது, அதைச் செப்பனிட வேண்டும் என்று எண்ணியது பெரிய எண்ணமே.

அந்த எண்ணத்தைப் பிற்காலத்தார் வேறு கருவிகளோடு தொடர்ந்தார்கள். ஒட்சியேற்றத்தை எதிர்த்துக் கலத்தைக் காக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளை மோர்பின் குறைக்கிறது என்று விலங்குகளில் கண்டார்கள். இத்தகைய மருந்துகள் மூளையிலே டோபமீன் என்ற பொருளை மிகையாகச் சுரக்கச் செய்கின்றன; அந்த மிகை சிதையும்போதும் அரிக்கும் துணிக்கைகள் பிறக்கின்றன. கலத்துக்குச் சக்தி வழங்கும் இழைமணிகள் தளர்கின்றன. ஹெரோயின் பழகியவர்களின் இரத்தத்தில் காப்புப் பொருள்கள் குறைந்திருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இவற்றில் பெரும்பகுதி எலியிலும் கண்ணாடிக் குடுவையில் வளர்த்த கலங்களிலும் கண்டவை. சிறிய அளவு கலங்களைக் காப்பதாகச் சொல்லும் ஆய்வுகளும் இல்லாமலில்லை. மனிதரிடத்தில், பட்டினி, புகைத்தல், கலப்படம், மூச்சுத்தடை ஆகியவற்றின் கேட்டை மருந்தின் கேட்டிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். சோப்ரா உயிரோடிருந்தால் இவ்வளவையும் சேர்த்தே எழுதியிருப்பார் என்று நம்புகிறேன்.

ஐயத்துக்கு இடமில்லாத சான்றுகள் இரண்டு 1982ஆம் ஆண்டிலே கிடைத்தன. கலிபோர்னியாவிலே ஹெரோயின் என்று நம்பிச் செயற்கை அபின்வகைப் பொருள் ஒன்றை ஏற்றிக்கொண்ட இளைஞர் சிலர், சில நாட்களில் முதியோரைப் போல் உடல் விறைத்து அசைவற்றுப் போனார்கள். தயாரிப்பிலே நேர்ந்த பிழையால் அதில் எம்.பி.டி.பி. என்ற நஞ்சு கலந்திருந்தது. அது டோபமீன் சுரக்கும் கலங்களுக்குள் நுழைந்து இழைமணியின் மூச்சை அடைத்து அவற்றைக் கொன்றதை லாங்ஸ்டன் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அதே ஆண்டில் ஒல்லாந்திலிருந்து, ஹெரோயினைத் தகட்டில் வைத்துச் சூடாக்கி ஆவியை இழுத்தவர்களின் மூளையின் வெண்பகுதி பஞ்சு போலத் துளைபட்டதைப் பற்றிய அறிக்கை வந்தது. எங்கள் நாட்டிலும் தூளை ஊசியால் ஏற்றுவோர் சிலரே. தகட்டில் வைத்து இழுப்பவரே பெரும்பாலோர். என்னிடம் வந்த பெற்றோருக்கு நான் சொன்னதும் இவைதான். பொட்டலத்திலே என்ன இருக்கிறது என்பது விற்பவனுக்கும் தெரியாது என்பதைச் சற்று அழுத்திச் சொன்னேன். ஒரு தாய், விட்டுவிட்டால் மூளை தேறுமா என்று கேட்டார். இறந்த நரம்புக் கலம் பொதுவாகத் திரும்புவதில்லை, ஆயின் தளர்ந்த கலம் தேறும், இளமையில் விட்டவர்களுக்குத் தேறும் வாய்ப்பு அதிகம் என்று விடை சொன்னேன். வைத்தியரிடம் அழைத்துச் செல்லவும் சொன்னேன்.

புற்றுநோயால் துடிக்கும் ஒருவருக்கு வைத்தியர் அளந்து கொடுக்கும் மோர்பினை இதனோடு சேர்த்து அஞ்சுவது தவறு. சோப்ரா அபினை மருந்துச்சாலையிலிருந்து விரட்டச் சொன்னவர் அல்லர். பெட்டிக்கடையிலிருந்து மருந்துச்சாலைக்குக் கொண்டுவரச் சொன்னவர். இலங்கையிலும் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம், நஞ்சுகளையும் அபினையும் அபாயகரமான மருந்துகளையும் ஒருசேரக் கட்டுப்படுத்தியபோது, ஆயுர்வேத வைத்தியர் மருந்து செய்ய அபின் பெறுவதற்கு வழி வைத்தது. பலமுறை திருத்தப்பட்டு அச்சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

சோப்ராவின் மற்றைய பணிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். சந்தையிலே சுண்ணத்தூள் கலந்த கொயினா மாத்திரைகள் விற்கப்பட்ட காலத்தில், 1930இல் அமைந்த மருந்து விசாரணைக் குழுவுக்கு அவர் தலைமை வகித்தார். அடுத்த ஆண்டில் வெளியான அறிக்கையே 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்கு அடிப்படையாயிற்று. 1933இல் இந்தியாவின் சுதேச மூலிகைகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். சர்ப்பகந்தி என்னும் மூலிகை இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை அதே காலத்தில் ஆய்வுகூடத்தில் காட்டிய குழுவிலும் அவர் இருந்தார். 1941இல் சர் பட்டம் கிடைத்தது. கல்கத்தாவை விட்டு ஜம்மு காஷ்மீருக்குச் சென்று, ஜம்முவிலே மருந்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றைத் தொடக்கினார். 1946இல் சுதேச வைத்திய முறைகளை ஆராய அமைந்த குழுவுக்கும் அவரே தலைவர். ஆங்கில வைத்தியர் பலர் நாட்டு வைத்தியத்தை இகழ்ந்த நாளில், இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கவேண்டும் என்று நின்றவர் அவர். அக்காரணத்தால் இரு சாராரும் அவரிடம் முழு மனநிறைவு கொள்ளவில்லை.

சுதந்திர இந்தியா 1949இல் பத்தாண்டுக்குள் அபின் உண்பதை ஒழிப்பதென்று தீர்மானித்தது. அவ்வாறே 1959 முதல், பதிவு செய்துகொண்ட பழைய பழக்கத்தினர் தவிர வேறெவருக்கும் உண்பதற்கு அபின் விற்பது நின்றது. கடை மூடியதும் பழக்கம் மறையவில்லை. வேறு பொருள்களுக்கு மாறியது. இவ்வாறு மாறுவதையும் அவர்கள் விடாமல் எழுதிவந்தார்கள். தந்தையும் மகனும் சேர்ந்து எழுதிய, இந்தியாவைச் சிறப்பாகக் கருதிய போதைப்பழக்க நூல் 1965இல் வெளிவந்தபோது சோப்ராவுக்கு எண்பத்திரண்டு வயது.

1973ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த காண்டஸ் பெர்ட், சொலமன் ஸ்னைடர் என்னும் இருவர், மூளைக் கலங்களின் மேற்பரப்பிலே அபின்வகைப் பொருள்கள் சென்று பொருந்தும் இடங்கள் உண்டு என்பதை நிறுவி அச்சிட்டார்கள். அபின் மூளையிலே எங்கே போய்த் தங்குகிறது என்ற வினாவுக்கு முதன்முதலாக விடை கிடைத்தது. அதே ஆண்டு யூன் 13இல், தொண்ணூறு வயதில், சர் இராம்நாத் சோப்ரா காலமானார்.